ஒன்பது மணிக்கு ஆடவில்லை

உ

கரியாலூர்
7-6-1993

கவுஸ் பாய் அவர்களுக்கு,

டிரைவர் காசிநாதன் மனைவி கொளஞ்சியம்மாள் எழுதுவது. நலம் விசாரிக்க இந்தக் கடிதத்தை எழுதவில்லை. உங்கள் நலத்துக்கு ஒரு குறைவும் இருக்காது.

போன மாதம் பதினெட்டாம் தேதி பொன்னுரங்கம் வேன் மலை இறங்கும்போது, ஐந்தாவது கொண்டை ஊசி வளைவில் இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய் மலையோரக் கால்வாயில் சாய்ந்தது. ஓட்டியவர் என் வீட்டுக்காரர். அவருக்கு நெற்றியில் ஆறு தையல். மற்ற எட்டுப் பேரும் தாங்களே எழுந்து வந்தார்கள். மரவள்ளி மூட்டைகள்தான் உருண்டன. டிராக்டர் வைத்து வண்டியை இழுத்தார்கள், பம்பரை நிமிர்த்தினார்கள், அத்தோடு அது முடிந்திருக்கும். நீங்கள் முடியவிடவில்லை.

வண்டியில் ஏதாவது கோளாறா என்று பொன்னுரங்கம் உங்களிடம் ஆள் அனுப்பிக் கேட்டார். நீங்கள் வண்டியைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. பட்டறைக்கு எதிர் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, "வீல்ல ஒரு ஆட்டமும் இல்ல. ஓட்றவன் கையிலதான் ஆட்டம்" என்று சொன்னீர்களாம். கடையே சிரித்ததாம். அந்தப் பேச்சு பஸ்ஸுக்கு முன்னால் மலை ஏறி வந்துவிட்டது.

மறுநாளே பொன்னுரங்கம் சாவியை வாங்கிக்கொண்டார். மெக்கானிக்கே சொல்லிட்டாரு என்கிறார். இப்போது அவருடைய அண்ணன் மகன் பூமாலை மலைக்கு மேலேயே வெள்ளிமலைக்கும் கரியாலூருக்கும் ஓட்டுகிறார். எங்கள் வீட்டுக்காரரை யார் பார்த்தாலும் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைப் பார்க்கிறார்கள். குடிப்பார் போலிருக்கிறது என்று பேசுகிறார்கள். அவர் பீடிகூடக் குடித்ததில்லை. இருபத்திரண்டு வருஷம் ஸ்டீயரிங் பிடித்த மனுஷர் இப்போது டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறார். முந்தாநாள் என்னிடம், "பாய் சொல்றது நெசமோ இன்னாவோ" என்றார். ஊர் பேசியதைத் தாங்கிக்கொண்டேன். இதைத் தாங்க முடியவில்லை.

விபத்துக்கு முன்னால் இரண்டு தடவை அவர் உங்களிடம் வந்து, முன் சக்கரத்தில் சத்தம் வருகிறது என்று சொன்னார். என்ன பதில் சொன்னீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். முன் சக்கரத்தில் ஆட்டம் இருக்கிறதா இல்லையா என்று எப்படிப் பார்ப்பது? எழுதி அனுப்புங்கள். நான் பார்க்கிறேன். வேன் எங்கள் வீட்டுக்கு எதிரில், பொன்னுரங்கம் களத்தில்தான் நிற்கிறது. பள்ளிக்கூடத்தில் நூற்றி நாற்பது பிள்ளைகளுக்கு அளவு தப்பாமல் சத்துணவு போடுகிறேன். ஒரு சக்கரத்தைப் பார்க்க முடியாதா?

கொளஞ்சியம்மாள்


786

கள்ளக்குறிச்சி
9-6-93

தங்கச்சி கொளஞ்சியம்மாளுக்கு,

கடிதம் வந்தது. காரம் கொஞ்சம் ஜாஸ்தி. பிள்ளைகளுக்குப் போடும் குழம்பில் பார்த்துப் போடவும்.

முப்பது வருஷமாக ஸ்பேனர் பிடிக்கிறேன். அந்த வேனின் முன் சக்கரம் இரண்டையும் மார்ச் மாதம் நானே கழற்றி, கழுவி, கிரீஸ் வைத்து மாட்டினேன். அப்புறம் காசி வந்து "சக்கரம் லேசா பாடுது பாய்" என்றான். பழைய வண்டி, பாடத்தான் செய்யும் என்றேன். மறுபடி வந்தான். பாட்டு பிடிக்கவில்லையென்றால் ரேடியோ வை என்றேன். அதற்குத்தான் கோபித்துக்கொண்டு ஒரு மாதம் பட்டறைப் பக்கமே வரவில்லை. எனக்கும் கோபம்தான். என் வேலையை எனக்கே சொல்லிக் கொடுத்தால் யாருக்குக் கோபம் வராது?

டீக்கடையில் பேசியது டீக்கடைப் பேச்சு. அதை மலை மேல் தூக்கிக்கொண்டு போனவனைக் கேள்.

வண்டியைக் கீழே இறக்கினால் நானே பார்ப்பேன். ஆட்டம் இருக்கிறதா என்று தெரியாமல் இறக்கக் கூடாது என்பாய், அதுவும் நியாயம். நான் மேலே வரலாம் என்றால் என் லட்சணம் ஊருக்கே தெரியும். மூன்றாவது வளைவிலேயே வாந்தி. ஜன்னலோரம் உட்கார்ந்தாலும் வாந்தி, எலுமிச்சம்பழத்தை மூக்கில் திணித்துக்கொண்டாலும் வாந்தி. லாரியையே பிரித்து மாட்டுகிறவன் பஸ்ஸில் பிள்ளைத்தாய்ச்சி மாதிரி வருகிறான் என்று கண்டக்டர் கந்தசாமி பத்து வருஷமாகச் சொல்லிச் சிரிக்கிறான்.

ஆகையால் எழுதுகிறேன். மற்ற சக்கரங்களுக்குக் கல் வை. ஜாக்கி போட்டு முன் சக்கரத்தைத் தரையிலிருந்து நாலு விரல் தூக்கு. பன்னிரண்டு மணிக்கும் ஆறு மணிக்கும் பிடித்து ஆட்டிப் பார். பிறகு மூன்று மணிக்கும் ஒன்பது மணிக்கும் பிடித்து ஆட்டிப் பார். எதில் ஆடுகிறது, எதில் ஆடவில்லை என்று எழுது. இரண்டு பக்கமும் பார்க்கவும்.

ஆட்டம் ஒன்றும் இருக்காது. உன் திருப்திக்காகத்தான் எழுதுகிறேன்.

கவுஸ் பாஷா


உ

கரியாலூர்
16-6-1993

கவுஸ் பாய் அவர்களுக்கு,

நீங்கள் சொன்னபடி செய்தேன். வேலை சுலபம், நேரம்தான் சிரமம். சூட்டுக்கும் குளிருக்கும் இரும்பு மாறும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். அதனால்தான் டாக்டர் மாத்திரைக்குச் சொல்வதுபோல வேளை குறித்துக் கொடுத்திருக்கிறீர்கள் என்று புரிந்துகொண்டேன். ஆறு மணி என்றால் காலையா மாலையா என்று நீங்கள் எழுதவில்லை. காலை ஆறு மணிக்கு எனக்கு அடுப்பு வேலை, அதனால் மாலை வைத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூட லீவு நாளாகச் சனி, ஞாயிறு இரண்டு நாள் பார்த்தேன். பள்ளிக்கூடக் கடிகாரத்தை ஹெட்மாஸ்டரிடம் கேட்டு வாங்கி வந்து பக்கத்தில் வைத்துக்கொண்டேன். டிரிப்புக்கு நடுவில் வேன் களத்துக்கு வரும்போதெல்லாம் ஜாக்கி போட்டது பூமாலை. முதல் நாள் சிரித்தார். "இன்னாக்கா, சக்கரத்துக்கு ஜொரம் பாக்கிறியா?" என்றார். ஆமாம், நேரத்துக்கு நேரம் பார்க்கச் சொல்லியிருக்கிறார் என்றேன்.

டிரைவர் பக்கச் சக்கரம் எந்த நேரத்திலும் ஆடவில்லை. கிளீனர் பக்கம், அதாவது இடது சக்கரம், காலை ஒன்பது மணிக்கு ஆடவில்லை. பன்னிரண்டு மணிக்கு விரலுக்குத் தெரிகிற அளவு லேசாக ஆடியது. மூன்று மணிக்கு நன்றாகத் தெரிந்தது. மாலை ஆறு மணிக்குக் கடகடவென்று சத்தமே வந்தது. சனிக்கிழமையும் இப்படித்தான், ஞாயிற்றுக்கிழமையும் இப்படித்தான். மாலையில் கடகடத்த சக்கரம் மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மறுபடி ஆடவில்லை.

இதற்கு என்ன அர்த்தம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆட்டம் ஒன்றும் இருக்காது என்று எழுதியிருந்தீர்கள். மூன்று வேளை இருக்கிறது.

வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை. வாசலில் உட்கார்ந்து நான் சக்கரத்தை ஆட்டுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

கொளஞ்சியம்மாள்


786

கள்ளக்குறிச்சி
19-6-93

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் படித்துப் பட்டறையே அதிரும்படி சிரித்தேன். என் சம்சாரம் ரஜியா உள்ளேயிருந்து ஓடி வந்தாள். அவளுக்கும் படித்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. "மணிக்கு மணி ஆட்டச் சொன்னா அந்தப் பொண்ணு வேற இன்னா பண்ணும்? நீங்க எழுதின லட்சணம் அப்பிடி" என்றாள்.

தங்கச்சி, சக்கரத்தையே கடிகாரமாக நினைத்துக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு மணி என்றால் சக்கரத்தின் உச்சி. ஆறு மணி என்றால் அடி. மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்து ஆட்ட வேண்டும். மூன்றும் ஒன்பதும் இரண்டு பக்கவாட்டு. நாங்கள் பட்டறையில் அப்படித்தான் சொல்வோம். பொழுதுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டீக்கடையில் சொல்ல நல்ல கதை கிடைத்தது என்று கடிதத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது மறுபடி எடுத்துப் படித்தேன். சோறு இறங்கவில்லை.

தேய்ந்த பேரிங் ராத்திரி தூங்கி எழுந்து சரியாகாது. ஆட்டம் வந்தால் வந்ததுதான், காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று இருக்காது. ஒரு சக்கரம் காலையில் கெட்டியாகவும், ஓட ஓடத் தளர்ந்தும், மறுநாள் காலை மறுபடி கெட்டியாகவும் இருக்கிறதென்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அதை இப்போது எழுத மாட்டேன். முதலில் நீ பார்.

நான் சொன்னது உனக்குச் சரியாகப் புரிந்திருந்தால் ஒரே ஒரு தடவை ஆட்டிப் பார்த்திருப்பாய். அது காலை வேளையாக இருந்திருந்தால் ஆட்டமில்லை என்று எழுதியிருப்பாய். நானும், பார்த்தாயா என்று மீசையை முறுக்கியிருப்பேன். இதை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. மலை ஏறாமலேயே.

மூன்று காரியம் செய். ஒன்று, மாலையில் ஆடும்போது யாரையாவது உள்ளே உட்கார வைத்து பிரேக்கை அழுத்தி மிதிக்கச் சொல். மிதித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் கோளாறு சக்கரத்தின் நடுவில், பேரிங்கிலோ அதை இறுக்கும் நட்டிலோ இருக்கிறது. மிதித்தும் ஆடினால் அது கிங் பின், சக்கரம் திரும்பும் அச்சு, வேறு வியாதி. இரண்டு, பூமாலை தினமும் காலையில் அந்தச் சக்கரத்தை என்ன செய்கிறான் என்று கேள். மூன்று, சக்கரத்தின் நடுவில் டப்பா மூடி மாதிரி ஒன்று இருக்கும். ஸ்குரூ டிரைவரால் நெம்பி எடு. கிரீஸைத் துடைத்துவிட்டுப் பார். பல் பல்லாக ஒரு பெரிய நட்டு தெரியும். பல்லுக்கு நடுவில் குறுக்காக ஒரு ஓட்டை. அந்த ஓட்டையில் என்ன இருக்கிறதோ அதை உள்ளது உள்ளபடி எழுது. எனக்குச் சாதகமாக எழுத வேண்டாம்.

தபாலில் போட்டால் இரண்டு, மூன்று நாளாகும். கந்தசாமியிடம் பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறேன். பதிலையும் அவனிடமே கொடு.

கவுஸ் பாஷா


உ

கரியாலூர்
21-6-1993

கவுஸ் பாய் அவர்களுக்கு,

கந்தசாமி கொண்டுவந்து கொடுத்தார். நேற்று மாலையே எல்லாம் பார்த்துவிட்டேன்.

பிரேக் மிதிக்க இவரைத்தான் கூப்பிட்டேன். பூமாலையும் இருந்தார், இருந்தாலும் இவரைத்தான் கூப்பிட்டேன். "நான் அந்த வண்டில ஏற மாட்டன்" என்றார். ஓட்டச் சொல்லவில்லை, மிதிக்கத்தான் சொல்கிறேன் என்றேன். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். ஸ்டீயரிங்கில் கை வைக்கவில்லை. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

உச்சியிலும் அடியிலும் பிடித்து ஆட்டினேன். கடகடத்தது. மிதிக்கச் சொன்னேன். நின்றுவிட்டது. காலை எடுத்தால் ஆடியது, மிதித்தால் நின்றது. உள்ளேயிருந்து அவர், "நின்னுச்சா?" என்று கேட்டார். நின்றுவிட்டது என்றேன். இன்னொரு தடவை கேட்டார். இன்னொரு தடவை சொன்னேன்.

பூமாலையைக் கேட்டதற்கு ஒளிக்காமல் சொன்னார். "சாயங்காலம் சத்தம் வருது, அதனால காலைல மூடியக் கழட்டி, ஸ்பேனர் போட்டு நல்லா இறுக்கிக்கினுதான் கெளம்புறன். தினம் இறுக்கணும்போல, பழைய வண்டிதானே" என்றார். அவர்மேல் தப்பில்லை. அவர் டிராக்டர் ஓட்டிப் பழகியவர்.

மூடியை எடுத்தேன். நட்டு இருக்கிறது. ஓட்டையும் இருக்கிறது. ஓட்டையில் ஒன்றுமில்லை. கிரீஸை வழித்தபோது மூடிக்குள் துருப்பிடித்த கட்டுக்கம்பித் துண்டு ஒன்று அகப்பட்டது. கட்டிட வேலைக்குக் கம்பி கட்டுவார்களே, அந்தக் கம்பி. விரல் நீளம்கூட இல்லை, ஒரு முனை அறுந்திருக்கிறது. இந்தக் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன்.

அதைப் பார்த்ததும் இவர், "இந்த எடத்துல காட்டர் பின் இருக்கணும்" என்றார். அது எப்படி இருக்கும் என்று கேட்டேன். கொண்டை ஊசி மாதிரி இரண்டு கால் வைத்திருக்கும், நட்டு கழன்று வராமல் பிடித்துக்கொள்ளும் என்றார். அப்படியானால் கொண்டை ஊசி இல்லாமல்தான் கொண்டை ஊசி வளைவில் விழுந்தோமா என்றேன். அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

பாய், வரும் வெள்ளிக்கிழமை எங்கள் ஊர்ச் சாலம்மாள் மகளுக்குக் கச்சிராயபாளையத்தில் கல்யாணம். பெண் வீட்டார் இருபத்தைந்து பேர் இந்த வேனில்தான் இறங்குகிறார்கள். பொன்னுரங்கத்திடம் போய்ச் சொன்னேன். "நீ இன்னா மெக்கானிக்கா? கவுஸ் பாய் சொல்லட்டும், நிறுத்துறன்" என்கிறார். அன்றைக்கு நீங்கள் சொன்ன ஒரு சொல்லைத்தான் இன்றைக்கும் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

அந்தச் சக்கரத்தைக் கடைசியாக மாட்டியது யார் என்று நான் கேட்கவில்லை. முதல் கடிதத்திலேயே நீங்கள் எழுதிவிட்டீர்கள்.

கொளஞ்சியம்மாள்


786

கள்ளக்குறிச்சி
22-6-93

தங்கச்சிக்கு,

கம்பி வந்து சேர்ந்தது. என் கம்பிதான். பட்டறைக் கூரைக்குத் தகடு கட்டியதில் மிச்சம். சுருள் இன்னும் ஆணியில் தொங்குகிறது. துண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய அவசியமில்லை, வைத்தும் பார்த்தேன்.

மார்ச் மாதம், வெள்ளிக்கிழமை. கிரீஸ் வைத்து மாட்டி முடிக்கும்போது அந்தப் பக்கத்துக் காட்டர் பின் மடக்கும்போதே ஒடிந்தது. டப்பாவில் அந்த அளவில் வேறு இல்லை. கடைத்தெருவுக்குப் போய் வாங்கி வரலாம் என்றால் ஜும்மா தொழுகைக்கு நேரமாகிவிட்டது. பொன்னுரங்கமும் சீக்கிரம், சீக்கிரம் என்று நின்றுகொண்டிருந்தார். கம்பியை விட்டு முறுக்கிவிட்டு, அடுத்த தடவை வண்டி வரும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பிறகு மறந்துவிட்டேன். அந்தக் கம்பி அறுந்துதான், பூமாலை காலையில் இறுக்கும் நட்டு ஓட ஓடக் கழல்கிறது. தொழுகைமேலும் பொன்னுரங்கத்தின்மேலும் பழியைப் போடவில்லை. மறந்தது நான்.

காசி இரண்டு தடவை வந்து ஞாபகப்படுத்தினான். அவனுக்குக் கம்பி விஷயம் தெரியாது, சத்தம் மட்டும்தான் தெரியும். அவன் காது சரியாகச் சொன்னது. நான் ரேடியோ வைக்கச் சொன்னேன். அவன் கால்வாயில் விழுந்த பிறகாவது எனக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். வந்ததோ என்னவோ, சிரிக்கச் சிரிக்கப் பேசி அமுக்கிவிட்டேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. எழுதாமலிருந்தால் இன்னும் வெட்கம்.

வண்டி களத்தை விட்டு ஒரு அடிகூட நகரக் கூடாது. பொன்னுரங்கத்திடம் இந்தக் கடிதத்தையே காட்டு. கவுஸ் சொல்கிறான், நிறுத்து என்று. பேரிங் இத்தனை நாள் ஆடியதில் கெட்டிருக்கும். புதிது வாங்கிவிட்டேன். வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸில் நானே ஏறி வருகிறேன். மூன்றாவது வளைவுக்குத் தயாராக இரண்டு எலுமிச்சம்பழமும் வாங்கிவிட்டேன்.

இந்த இரண்டு காகிதத்தையும் சேர்த்துக் குத்தியிருப்பது குண்டூசி இல்லை. அந்த ஓட்டைக்கு உரிய காட்டர் பின். வழியிலேயே என் உயிர் போனாலும் சக்கரத்துக்கு அது வந்து சேர வேண்டும் என்று முன்கூட்டியே அனுப்புகிறேன். தொலைத்துவிடாதே.

நட்டைக் காசிதான் முடுக்க வேண்டும். முழுக்க இறுக்கி, ஒரு பல் தளர்த்தி, சுற்றினால் சுற்ற வேண்டும், ஆட்டினால் ஆடக் கூடாது. அதற்கு அளவு கிடையாது, கைப் பழக்கம்தான். அவனிடம் அப்படியே சொல்.

கவுஸ் பாஷா


உ

கரியாலூர்
27-6-1993

கவுஸ் பாய் அவர்களுக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தீர்களா? வெள்ளிக்கிழமை கச்சிராயபாளையத்தில் வேன் நின்றதும், கல்யாணக் கூட்டத்தோடு இறங்கி, சாப்பிடாமல்கூடப் போய்விட்டீர்கள். இவர் பந்தியில் உங்களுக்கு இலை போட்டுத் தேடினார்.

வியாழக்கிழமை நீங்கள் பஸ்ஸிலிருந்து இறங்கிய கோலத்தைப் பார்த்துப் பயந்துவிட்டேன். பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் ஒரு மணி நேரம் படுத்துக் கிடந்தீர்கள். எழுந்ததும் முதலில் வண்டியைப் பார்ப்பீர்கள் என்று நினைத்தேன். இவரையும் கூட்டிக்கொண்டு நேராகப் பேருந்து நிறுத்த டீக்கடைக்குப் போனீர்கள். பொன்னுரங்கம் இருந்தார், பத்துப் பேர் இருந்தார்கள். "கையில ஆட்டம்னு சொன்னன். ஆட்டம் கையிலதான். காசி கையில இல்ல, என் கையில" என்றீர்கள். கம்பித் துண்டை எடுத்து மேசைமேல் வைத்தீர்கள். யாரும் சிரிக்கவில்லை. பொன்னுரங்கம் சாவியை மடியிலிருந்து எடுத்து இவர் பக்கம் தள்ளினார். ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்திருக்கலாம். அவர் சுபாவம் அவ்வளவுதான்.

நட்டை இவரே முடுக்கினார். பின்னை இவரே மடக்கினார். பிறகு சக்கரத்தை ஆட்டிப் பார்க்க என்னைக் கூப்பிட்டார். மணி என்ன என்று கேட்டேன். "எந்த மணிக்குனா ஆட்டிப் பாரு" என்றார். ஒரு மாதத்துக்குப் பிறகு அவர் கிண்டலாகப் பேசியது அதுதான்.

டம்ளரை இப்போது ஒரு கையால் பிடிக்கிறார். அதை அவர் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கு இன்னும் வரவில்லை. அவருக்கு வந்துவிட்டது. அவர் அப்படிப்பட்டவர். எனக்கு நாளாகும்.

ஒரு விஷயம் கேட்கச் சொன்னார். முன் சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தீர்கள். மலை இறங்குகிற வரைக்கும் கண்ணை இறுக மூடிக்கொண்டே வந்தீர்களாம். "என் கைமேல பாய்க்கு இன்னும் நம்பிக்க வர்லியோ?" என்று கேட்கிறார். இரண்டு நாளாக இதையே கேட்டுக்கொண்டிருக்கிறார். பதில் எழுதுங்கள்.

கொளஞ்சியம்மாள்


786

கள்ளக்குறிச்சி
30-6-93

தங்கச்சி கொளஞ்சிக்கு,

காசியிடம் இந்தக் கடிதத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டு.

மலைப் பாதையில் நான் கண்ணைத் திறந்து வைத்திருந்தால் முதல் வளைவிலேயே வயிறு புரளும். மூடிக்கொண்டால் மூன்றாவது வரை தாங்கும். அது வாடிக்கை. அதனால் மூடிக்கொண்டேன். நம்பிக்கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கையில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு, இப்போது வரும், அடுத்த வளைவில் வரும் என்று எண்ணிக்கொண்டே வந்தேன். மூன்று போயிற்று. நான்கு போயிற்று. ஐந்தாவது வந்தபோது, அவன் விழுந்த இடம் இதுதானே என்று நினைத்தேன். வண்டி லேசாகத் திரும்பிய மாதிரி மட்டும் இருந்தது. அதற்குப் பிறகு எண்ண மறந்துவிட்டேன். கீழே வந்து கல்யாண மேளம் கேட்டபோதுதான் கண்ணைத் திறந்தேன்.

முப்பது வருஷத்தில் அந்த மலையில் நான் வாந்தி எடுக்காமல் இறங்கியது இதுதான் முதல் தடவை. பந்தியில் உட்காராமல் ஏன் ஓடினேன் என்றால், அழுகை வந்துவிட்டது. கல்யாண வீட்டில் எதற்கு?

நேராகப் பட்டறைக்கு எதிர் டீக்கடைக்குப் போனேன். அன்றைக்கு நான் பேசியதைக் கேட்டுச் சிரித்தவர்கள் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும், "இன்னா பாய், மலைக்குப் போனியே, எத்தினி தபா?" என்று கந்தசாமி ஆரம்பித்தான். ஏறும்போது நாலு தபா, அது உன் பஸ்ஸில் என்றேன். இறங்கும்போது காசி வண்டியில் என்று சொல்லி, எலுமிச்சம்பழத்தைப் பெஞ்சுமேல் வைத்தேன். கந்தசாமி அதை எடுத்து, எங்காவது பல் பட்டிருக்கிறதா, நகம் கீறியிருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒன்றுமில்லை. முழுப்பழம்.

பழத்தைக் கடைக்காரரிடம் கொடுத்து, கல்லாப் பெட்டிமேல் எல்லாரும் பார்க்கும்படி வைக்கச் சொல்லியிருக்கிறேன். யார் கேட்டாலும் அது காசி ஓட்டிய லட்சணம் என்று சொல்ல வேண்டும், அதுதான் பேச்சு. ஐந்து நாளில் தோல் சுருங்க ஆரம்பித்துவிட்டது. ஜூஸ் போடக் கேட்டார், கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

கவுஸ் பாஷா